ஓட்டுநர் கதவு, கீழ்த் துளை

நாலு மணிக்குக் கார் பார்க்க ஆள் வருகிறார்.
மட்டக்குளியிலிருந்து. கந்தப்பா என்று பெயர்.
இப்போது ஒன்றரை.
ஹம்டன் ஒழுங்கை, அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடம்,
ஏழாம் இலக்கத் தூணுக்குப் பக்கத்தில்
கதவைத் திறந்து வைத்துக் குந்தியிருக்கிறேன்.
வாயில் மூன்று ஸ்குறூ.
காவலாளி சுனிமல் டோர்ச் பிடிக்கிறான்,
பிடித்துக்கொண்டே கிரிக்கெட் கேட்கிறான்.
விக்கெட் விழும்போதெல்லாம் வெளிச்சமும் விழுகிறது.

நாலாவது ஸ்குறூ
சுற்றச் சுற்றச் சுற்றுகிறது. இறுகவில்லை.
மரை கழன்றவர் என்று ஆட்களைச் சொல்வோம்;
கழன்ற மரையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
கறுப்புப் பிளாஸ்டிக் குழி,
ஓரமெல்லாம் மாவாக உதிர்ந்து
பல் போன வாய்.

யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும்.
பெற்றோலுக்கு வரிசை நின்ற அந்த ஜூனில்,
பம்பலப்பிட்டி ஷெட்டுக்கு முன்னூறு யார் தள்ளி,
மூன்று இரவு இதற்குள்தான் படுத்தேன்.
நீட்ட இடமில்லாத கால்களை
இந்தக் கதவில்தான் முட்டுக் கொடுத்தேன்.
பவுசர் வருகுது என்று யாராவது கத்தினால்
உதைத்துக்கொண்டு எழும்புவேன்.
பவுசர் வரவில்லை.
கதவு பேசத் தொடங்கியது.
டிக்மன்ஸ் றோட்டுப் பள்ளத்தில் கடகட,
மழை நாளில் கிறீச்,
காலி வீதியில் பஸ் உரசினாற்போல் வந்தால்
பஸ்ஸோடு சேர்ந்து அதுவும் உறுமும்.

பஞ்சிகாவத்தையில் கேட்டேன்.
"ஒரு சைஸ் பெரிசாப் போடுங்கோ மிஸ்."
பெரிசு போட்டால் குழி வெடிக்கும்.
வெடித்தால் கதவின் உள்பலகை முழுசும் மாற்ற வேணும்.
அதன் விலையைக் கடைக்காரர் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.

ஆகவே, குசினியிலிருந்து அப்பச்சோடா.

முதலில் குழியைத் துப்புரவாக்க ஊசியை விட்டேன்.
ஏதோ தடுத்தது.
கிண்டி எடுத்தால்
தீக்குச்சித் துண்டு, பசையில் ஊறி மஞ்சளாகி.
அதற்கு அடியில் ஈர்க்கு.
அதற்கும் அடியில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், பயறளவு உருட்டி.

கொம்பனித்தெரு துவான் ஜெய்னுடீன்!
எட்டு வருஷத்துக்கு முன்
"சத்தமே இல்லாத வண்டி, மகள்" என்று
நெஞ்சில் கை வைத்து விற்ற மனிதர்.
தீக்குச்சி அவருடையதென்றால்
ஈர்க்கு அவருக்கு விற்றவருடையது.
வெள்ளித்தாள்?
சாவடிக்குச் சாவடி கதவைக் கழற்றிக் காட்டிய காலத்தில்
பின்னால் ஹோர்ன் அடிக்க அடிக்கப் பூட்டிய யாரோ.
யப்பான்காரன் வெட்டிய புரி ஒன்றுகூட மிச்சமில்லை.
நானோ இரண்டு வருஷமாக
என் முழங்காலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஈர்க்குக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்
குழியின் நடுவே நட்டேன்.
சுற்றிச் சோடா. மேலே சுப்பர் குளூ, ஒரு சொட்டு.
சீறியது. புகைந்தது. கண் எரிந்தது.
சுனிமல் விக்கெட்டை மறந்து குனிந்து பார்த்தான்.
எண்ணிப் பத்துக்குள் கல்.
ஈர்க்கை உருவினேன், வழி கிடைத்தது.
ஸ்குறூ தன் புரியைத் தானே வெட்டிக்கொண்டு
முனகி முனகி இறங்கியது.
மற்ற மூன்றுக்கும் அந்த அவசரம் ஆகாது:
முன்னுக்குத் திருக முதல் பின்னுக்கு ஒரு சுற்று,
பழைய புரியில் 'டிக்' என்று விழும்வரை.
விழுந்தபின்தான் முன்னுக்கு.

நாலே கால்.
கந்தப்பா ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி
டயரை உதைத்தார், பொனட்டைத் திறந்தார்,
"சத்தம் கித்தம்?"
"ஓட்டிப் பாருங்கோ."
டிக்மன்ஸ் றோட்டுக்கு நானே வழி சொன்னேன்.
பள்ளத்தில் இறங்கினோம், ஏறினோம்.
கதவு வாய் திறக்கவில்லை.

அந்த அமைதியில்தான்,
டாஷ்போர்டுக்குள் எங்கேயோ,
டிக்கி டிக்கி டிக்கி.
இத்தனை நாளும் கதவின் சத்தத்துக்குள்
ஒளித்திருந்த ஏதோ ஒன்று.
அவர் என்னைப் பார்த்தார்.
"இதென்ன?"
"எனக்கும் இன்றைக்குத்தான் கேட்குது" என்றேன்.
சத்தியமான வார்த்தை.

பதினைந்தாயிரம் குறைத்தார்.